நீலப்பட்டு மடியில் இருந்த கை

கதவு திறந்தே இருக்கட்டும் தாயி. எனக்கும் அதுதான் நல்லது. நாளைக்கு யாரும் ஒன்று சொல்லிவிடக் கூடாது பாருங்கள். உங்கள் வீட்டுக்காரருக்குப் போன் போட்டுவிட்டீர்கள் இல்லையா? அதுவும் சரிதான். எங்கே இருக்கிறார், மந்தித்தோப்பு ரோட்டிலா? பஜார் வழியாகத்தான் வர வேண்டும். இந்நேரம் அங்கே வண்டி நகராது. அதற்குள் நான் சொல்லி முடித்துவிடுவேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். உங்கள் மாமியார் ஆவுடையம்மாளை எனக்குத் தெரியாது. ஒரு நாளும் பார்த்ததில்லை. வாசலில் நின்று துட்டி கேட்க வந்தேன் என்று சொன்னதும், தூரத்துச் சொந்தம் என்று நினைத்து உள்ளே விட்டீர்கள். நான் பொய் சொல்லவில்லை. செத்த வீட்டில் துட்டி கேட்க யார் வேண்டுமானாலும் வரலாம். ஆனால் நான் வந்தது உங்கள் மாமியாருக்காக இல்லை. சுவரில் மாலை போட்டு வைத்திருக்கிறீர்களே, அந்தப் படத்துக்காக. அதிலும் முழுப் படம் எனக்கு வேண்டாம். முகம் உங்களுடையது. நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். கழுத்துக்குக் கீழே இருப்பது என் வீட்டுக்காரி. அதை மட்டும் வெட்டி எனக்குக் கொடுத்துவிட வேண்டும்.

உட்காருங்கள், உட்காருங்கள். நான் எழுந்திரிக்க மாட்டேன். இந்தச் சேரிலேயேதான் இருப்பேன். பைக்குள் பிளேடு இருப்பதைப் பார்த்துவிட்டீர்களா? அது போஸ்டர் எடுக்கிற பிளேடு. சுவரில் காய்ந்த பசையோடு இருக்கும், கையால் உரித்தால் கிழிந்துவிடும். வேறொன்றுக்கும் இல்லை.

என் பெயர் அய்யாத்துரை. டவுன் பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ரிட்டயர் ஆனவன். ஊர்க்காரர்களுக்கு என்னைத் தெரியும். நீங்கள் வாக்கப்பட்டு வந்த பிள்ளை, தெரிந்திருக்காது. கண்டக்டருக்கு முகம் தெரியாது தாயி, கைதான் தெரியும். கூட்டத்துக்குள்ளிருந்து கை மட்டும்தான் நீளும். இது வாத்தியார் கை, இது கொத்தனார் கை, இது டிக்கெட் எடுக்காமல் இறங்கப் பார்க்கிற கை. முகத்தைப் பார்க்காமலே சொல்லிவிடுவேன். முகத்தை மறந்தாலும் மறப்பேன், ஒரு கையை மறக்க மாட்டேன். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மற்றவர்களெல்லாம் இந்த இடத்தில்தான் என்னை நம்பாமல் போனார்கள்.

செண்பகவல்லியை நான் முதலில் பார்த்ததும் கையாகத்தான். இந்த ஊரில் தெருவுக்கு நாலு செண்பகவல்லி உண்டு, இவள் கழுகுமலை ரோட்டிலிருந்து தீப்பெட்டி ஆபீசுக்கு வேலைக்கு வருகிறவள். காலை வண்டியில் பெண்கள் கூட்டம் திணறும். அத்தனை கைக்கு நடுவிலும் அவள் கை தனியாகத் தெரியும். எல்லோரும் காசைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்த்துப் பிடித்து நீட்டுவார்கள். அவள் கட்டைவிரலும் நடுவிரலும் சேர்த்துப் பிடிப்பாள். ஆள்காட்டி விரல் உள்ளே மடங்கி நிற்கும், கூச்சப்படுகிற பிள்ளை தாய்க்குப் பின்னால் நிற்குமே, அதுமாதிரி. என் உள்ளங்கையில் விரல் படாமல் காசை வைப்பாள். ஒரு ராணி தானம் போடுகிற கணக்காக இருக்கும். அதில் விழுந்தவன்தான் நான். டிரைவர் கூடக் கேலி பண்ணுவார், “ஏய் அய்யாத்துரை, அந்தப் பிள்ளைக்கு மட்டும் டிக்கெட் கிழிக்க இம்புட்டு நேரமா? அடுத்த ஸ்டாப்பே வந்துட்டு.” வீட்டில் பேசி, அடுத்த தையில் கல்யாணம்.

போன ஆடியில் போய்விட்டாள். காலையில் தலைவலி என்றாள். மத்தியானம் ஆஸ்பத்திரி. சாயங்காலம் வெள்ளைத் துணி சுற்றிக் கொண்டுவந்தார்கள்.

நான் அழவில்லை. எல்லோரும் வந்து என் கையைப் பிடித்தார்கள், நான் அவர்கள் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அழணும்யா, அழாவிட்டால் நெஞ்சில் நின்றுவிடும் என்றான் என் மச்சினன். வந்தால்தானே? அவளுக்குக் கொள்ளி வைத்துவிட்டு வந்து, பசிக்கிறது என்று சொல்லிச் சாப்பிட்டேன்.

செத்த வீட்டில் முதலில் தேடுவது படத்தைத்தான். போஸ்டர் அடிக்க வேண்டும், பதினாறாம் நாள் படையலுக்கு வைக்க வேண்டும். இவளுக்குப் படம் எடுக்கப் பிடிக்காது. கேமராவைக் கண்டால் முந்தானையை இழுத்துக் கையை மூடிக்கொண்டு அடுப்படிக்குள் போய்விடுவாள். எங்கள் மகள் கோமதி பெட்டியெல்லாம் தேடி ஏதோ ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். ஆதார் கார்டில் இருந்த முகத்தைத்தான் கொடுத்தோம் என்று இப்போது சொல்கிறாள். இல்லை. கோமதி கல்யாணத்தில் சேரில் உட்கார வைத்து எடுத்த படம் ஒன்று இருந்தது. அதைத்தான் கொடுத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் கை எப்படி வந்திருக்கும், சொல்லுங்கள்?

பதினாறாம் நாள் காலையில் பிரேம் போட்டு வந்தது. சேரில் உட்கார்ந்திருக்கிறாள். நீலப்பட்டு, சிவப்புக் கரை. மடியில் இடது கை, அதன் மேல் வலது கை. அந்த நீலப்பட்டு எப்போது எடுத்தது என்று எனக்கு ஞாபகம் இல்லை. ஆம்பிளைகள் எங்கே சேலையை ஞாபகம் வைத்திருக்கிறோம்? ஆனால் அந்தக் கையைப் பார்த்ததும் நான் உடைந்துவிட்டேன் தாயி. பந்தலில் அத்தனை பேர் முன்னாலும் விழுந்து அழுதேன். மச்சினன் என்னைத் தூக்கிவிட்டு, இப்பதான்யா எனக்கு நிம்மதி என்றான்.

அதற்குப் பிறகு நான் நன்றாகத்தான் இருந்தேன். காலையில் காபி போட்டு இரண்டு டம்ளரில் ஊற்றுவேன். படத்துக் கண்ணாடி மேல், அவள் கை இருக்கிற இடத்தில், என் கையை வைப்பேன். வெயில் விழுகிற சுவர் அது. கண்ணாடி இளஞ்சூடாக இருக்கும். உடம்புச் சூடேதான். அன்றைக்கு என்ன வாங்க வேண்டும், யார் வந்தார்கள், என்ன பேசினார்கள், எல்லாம் சொல்வேன். யாருக்கு என்ன தொந்தரவு?

கோமதி கோயம்புத்தூரிலிருந்து வந்து ஒரு வாரம் தங்கினாள். கதவோரம் நின்று கேட்டிருக்கிறாள். “அப்பா, யாருகிட்டப் பேசுறீங்க?”

“உங்கம்மாகிட்டத்தான்.”

“அம்மா எங்கப்பா இருக்கா?”

“இந்தா உக்காந்திருக்காளே. கண்ணு தெரியலையா உனக்கு?”

மறுநாள் அவள் படத்தை எடுத்துக்கொண்டு ஸ்டுடியோவுக்குப் போனாள். திரும்பி வந்தபோது வேறு பிரேம். முகம் மட்டும். எதையோ பார்த்துத் திடுக்கிட்ட மாதிரி ஒரு முகம். அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? அது என்னைப் பார்க்காது, கேமராவைப் பார்க்கும். “இது போதும்ப்பா, இதான் நம்ம அம்மா” என்றாள். பெற்ற மகள் தாயின் கையை வெட்டி எறிந்துவிட்டு வந்து பேசுகிற பேச்சைப் பாருங்கள். மாத்திரை வேறு வாங்கிக் கொடுத்தாள். அதைப் போட்டால் எல்லாம் மங்கலாகிறது. நான் போடுவதில்லை. செம்பருத்திச் செடிக்குத்தான் போடுகிறேன்.

அப்படி இருக்கும்போதுதான் பஸ் ஸ்டாண்டுச் சுவரில் பார்த்தேன். கண்ணீர் அஞ்சலி போஸ்டர். யாரோ ஒரு அம்மாள் முகம். கீழே நீலப்பட்டு, சிவப்புக் கரை, மடியில் கை. கழுத்து இருக்கிற இடத்தில் கொஞ்சம் தள்ளி ஒட்டியிருந்தார்கள். கிட்டே போனேன். செண்பகவல்லி, உன்னை இங்கே யார் கொண்டுவந்து உட்கார வைத்தது என்று கேட்டேன். சத்தமாகக் கேட்டுவிட்டேன் போலிருக்கிறது. பூ விற்கிற பெண் கடையைத் தள்ளிப் போட்டுக்கொண்டாள்.

நேரே ஸ்டுடியோவுக்குப் போனேன். ஞானதிரவியம் என்று பெயர், நல்ல பையன்தான். சிரித்துக்கொண்டே சொன்னான்: “அண்ணாச்சி, அது கம்ப்யூட்டர்ல கிடக்கிற பாடி. யாரு வந்தாலும் தலைய மட்டும் ஒட்டிருவோம். ஆம்பிளைக்குக் கோட்டு ஒண்ணு, வேட்டி சட்டை ஒண்ணு. பொம்பிளைக்கு நீலப்பட்டு ஒண்ணு, அரக்குப்பட்டு ஒண்ணு.”

“அந்த பாடி யாரோடது?”

“யாருக்குத் தெரியும்? நான் கடையை எடுக்கும்போதே கிடந்துச்சு. சினிமாக்காரியோ, சேலைக்கடை விளம்பரமோ.”

பொய். எங்கள் வீட்டுப் படத்திலிருந்து அவளை எடுத்து ஊருக்கெல்லாம் ஒட்டிக்கொண்டிருக்கிறான். அவன் மேல் எனக்குக் கோபம் இல்லை, தொழில். கையை மட்டும் ஒரு பிரிண்ட் போட்டுக் கொடு தம்பி என்று கேட்டேன். “தலையில்லாம கையை மட்டும் பிரிண்டா? சாயங்காலத்துக்குள்ள என்னை மந்திரவாதின்னு சொல்லிருவானுவ அண்ணாச்சி” என்றான். நான் தினமும் போனேன். ஒரு நாள் எழுந்து நின்று கும்பிட்டான். “உங்க கால்ல விழுதேன். அந்த பாடியவே அழிச்சிட்டேன். இனிமே எல்லாருக்கும் அரக்குப்பட்டுதான்.”

அழித்துவிட்டான். அப்படியானால் இனி அவள் இருப்பது, ஏற்கெனவே போய் உட்கார்ந்திருக்கிற வீடுகளில்தான். வேறு வழி? போஸ்டரில் விலாசம் இருக்கும். தேடித் தேடிப் போனேன்.

புதுக்கிராமத்தில் ஒரு வீடு. சொந்தம் என்று நினைத்துக் காபி கொடுத்தார்கள். படத்துக்கு முன்னால் உட்கார்ந்து மனசு நிறையப் பார்த்தேன். கிளம்பும்போது படத்தைப் பார்த்து, “போய்ட்டு வாரேன்” என்றேன். அந்த வீட்டுப் பெண் அலறிவிட்டாள். துட்டி கேட்கப் போன வீட்டில் சொல்லிக்கொள்ளக் கூடாது, பேசாமல் எழுந்து இறங்கிவிட வேண்டும் என்று எனக்குத் தெரியாதா? சொன்னால் அங்கே இன்னொரு சாவு விழும் என்பார்கள். ஆனால் எனக்கு அது துட்டி வீடு இல்லையே தாயி. என் வீட்டுக்காரி உட்கார்ந்திருக்கிற வீடு. அவளிடம் சொல்லாமல் எப்படி வருவது?

இலுப்பையூரணியில்தான் கொஞ்சம் கலாட்டா ஆகிவிட்டது. அந்த வீட்டில் அவள் கையை மாற்றி வைத்திருந்தாள். வலது கை கீழே, இடது கை மேலே. முகம் எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கத்துக்கு உடம்பைத் திருப்பிப் போடுவோம் என்று ஞானதிரவியம் ஏதோ கதை சொன்னான். எவ்வளவு நேரம் ஒரே மாதிரி வைத்திருப்பாள், வலிக்காதா? அதைப் பார்த்ததும் எனக்குத் தாங்கவில்லை. கண்ணாடியில் முகத்தை வைத்து அழுதுவிட்டேன்.

மகன்காரன் ஓடிவந்தான். “யோவ், யாருய்யா நீரு? எங்க அம்மாவுக்கு என்ன வேணும்?”

“அம்மா முகத்தை நான் பாக்கலை தம்பி. இந்தக் கை…”

“எங்க அம்மா கை உமக்கு எப்படிய்யா தெரியும்?”

மருமகப்பிள்ளை ஒருத்தன் அவனைப் பிடித்து இழுத்தான். “விடு மாப்ளே, சத்தம் போடாத. தெரு முழுக்க நிக்கி. உங்க அம்மைக்குத்தான் அசிங்கம்.”

அப்போது உள்ளேயிருந்து அந்த அம்மாளின் வீட்டுக்காரர் வந்தார். சீனிப்பாண்டி அண்ணாச்சி, என்னைவிட மூத்தவர். எல்லோரையும் வெளியே போகச் சொன்னார். என் பக்கத்தில் உட்கார்ந்தார். அப்புறம் மெதுவாகக் கேட்டார்: “ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லும். நான் பம்பாய்க்குப் போறதுக்கு முன்னாடியா, போன பிறகா?”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது தாயி. நான் சிரித்ததும் அவர் தலையை ஆட்டிக்கொண்டார். சரி, சரி என்றார். அடுத்த வாரம் போனபோது சுவரில் படம் இல்லை. ஆணி மட்டும் இருந்தது. அவர் அதற்கு எதிரே உட்கார்ந்திருந்தார். எடுத்துட்டேன் என்றார். எனக்கு எவ்வளவு சங்கடமாகப் போயிற்று தெரியுமா? ஒரு கை போயிற்றே.

கோமதிக்குச் செய்தி போய்விட்டது. வந்து என் காலடியில் உட்கார்ந்து அழுதாள். அழுதால் அழட்டும், பேசினதுதான் சரியில்லை. “அப்பா, அது யாரோ ஒரு பொம்பிளைப்பா. நல்லாப் பாருங்க. அம்மாவுக்கு வலது கையில ஆள்காட்டி விரல் முழுசா இருந்துச்சா? கல்யாணத்துக்கு முன்னாடியே தீப்பெட்டி ஆபீஸ் மெஷின்ல நுனி போயிட்டுல்லா? பாதி விரல்தானப்பா அம்மாவுக்கு!”

தாயைப் பற்றி இப்படியும் ஒருத்தி சொல்வாளா? நான் சொன்னேன், இருந்துட்டுப் போகட்டும், போன இடத்தில எல்லாம் சரியாயிரும், விரலும் வளந்திருக்கும். அதற்கு அவள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. பயந்துவிட்டாள். என்னைப் பார்த்து, என் மகள். வீட்டைப் பூட்டிவிட்டு நாளைக்குக் காலையில் என்னைக் கோயம்புத்தூருக்குக் கூட்டிக்கொண்டு போகிறாள். அங்கே ஏதோ ஆஸ்பத்திரியில் தங்க வேண்டுமாம். கொஞ்ச நாளைக்குத்தானாம். இதோ என் சட்டைப் பையில் அவள் நம்பரைக் குத்தி வைத்திருக்கிறாள், காணாமல் போன மாட்டுக்குக் கட்டுகிற மாதிரி. வாசலில் வைத்தே அதை நீங்கள் பார்த்துவிட்டீர்கள், எனக்குத் தெரியும். அவளுக்கும் போன் பண்ணியிருப்பீர்கள். பரவாயில்லை.

அதனால்தான் இன்றைக்கே வந்தேன். ஞானதிரவியம் அழிப்பதற்கு முன்னால் கடைசியாக ஒட்டினது உங்கள் மாமியாரைத்தான். இருக்கிற படங்களிலேயே இதுதான் பெரிசு. கையும் எங்கள் வீட்டில் இருந்த மாதிரியே இருக்கிறது, வலது கை மேலே. சுற்றிச் சுற்றிக் கடைசியில் பழையபடி உட்கார்ந்திருக்கிறாள். இதைக் கொடுத்துவிட்டீர்கள் என்றால் நான் எங்கே போனாலும் கவலை இல்லை. மடித்துப் பைக்குள் வைத்துக்கொள்வேன். ஆஸ்பத்திரியில் யாரும் கேட்க மாட்டார்கள். கொடுக்காவிட்டால், அவளை இந்த ஊரில் விட்டுவிட்டு நான் மட்டும் பஸ் ஏற வேண்டும். உங்களுக்கு இது ஒரு நீலச் சேலை. உங்கள் மாமியாருக்கு இப்படி ஒரு சேலை இருந்ததா? இல்லை, இல்லையா? தலையை ஆட்டுகிறீர்கள் பாருங்கள். பிறகென்ன?

இன்னும் நம்பிக்கை வரவில்லையா? பக்கத்தில் வாருங்கள், காட்டுகிறேன். சரி, வர வேண்டாம். அங்கேயே நின்று பாருங்கள். நான் படத்துக்கிட்டே போகிறேன். இதோ ஒரு காசு. இந்தக் கையில் இந்தக் காசை வைத்தால் அவள் எப்படி நீட்டுவாள் தெரியுமா? எத்தனை ஆயிரம் தடவை வாங்கியிருக்கிறேன். கட்டைவிரல் இப்படி. நடுவிரல் இப்படி. ஆள்காட்டி விரல் உள்ளே மடங்கி…

இங்கே மடங்கி…

மடங்கினால் என் நகம் உள்ளங்கையில் குத்துகிறதே. அவளுக்குக் குத்தாது. இந்தக் கணுவோடு…

தாயி, அந்த லைட்டைப் போடுங்கள்.

நகம் இருக்கிறது. நீளமாக இருக்கிறது. சிவப்பாக ஏதோ பூசியிருக்கிறாள்.

செண்பகவல்லி எனக்கு முதுகில் தைலம் தேய்ப்பாள். வண்டியில் நின்று நின்று வருகிற முதுகுவலிக்கு. எல்லா விரலும் நீளமாகப் படும். ஒன்று மட்டும் உருண்டையாகப் படும். வழவழவென்று, புளியங்கொட்டை மாதிரி. வலிக்கிற இடத்தை அதுதான் தேடிக் கண்டுபிடிக்கும். “அந்தக் குட்டை விரலாலேயே அழுத்துளா” என்பேன். “அதுக்கு மட்டும்தான் உம்ம முதுகு தெரியும்” என்பாள். மோருக்கு உப்பைக்கூட நடுவிரலால்தான் கிள்ளிப் போடுவாள்.

இது யார் கை தாயி?

யாரோ ஒருத்தி. நல்லாயிருக்கட்டும். எங்கேயோ உயிரோடு இருப்பாள். யாருக்கோ இந்தக் கையால் சோறு போட்டுக்கொண்டிருப்பாள்.

இந்தக் கையைப் பார்த்துத்தானே பந்தலில் விழுந்து அழுதேன்.

பைக் சத்தம் கேட்கிறது. உங்கள் வீட்டுக்காரர்தானா? பின்னால் ஆட்டோ நிற்கிறது. அந்த நடை கோமதியுடையது, அவள் அம்மா மாதிரியே செருப்பைத் தேய்த்துத்தான் நடப்பாள். ஒரு உதவி செய்யுங்கள். இது யார் கை என்று நான் இப்போது கேட்டதை அவளிடம் சொல்லிவிடாதீர்கள். அப்பாவுக்குத் தெளிந்துவிட்டது என்று சந்தோஷப்படுவாள். சிரித்தாலும் சிரித்துவிடுவாள். வேண்டாம். இன்றைக்கு எங்கள் வீட்டில் யாரும் சிரிக்கக் கூடாது. ஒரு வருஷமாக இருந்தாள், இன்றைக்குத்தான் செத்திருக்கிறாள்.

நீங்கள் கொடுத்த காபி குடிக்காமலே ஆறிவிட்டது, மன்னிக்க வேண்டும். மாலை ஒரு பக்கம் சரிந்திருக்கிறது, நேராக்கி வையுங்கள். உங்கள் மாமியார் முகம் நல்ல முகம் தாயி. இவ்வளவு நேரம் நான் பார்க்கவே இல்லை.

நான் வாசலுக்குப் போகிறேன். இறங்கும்போது ஒன்றும் சொல்ல மாட்டேன். நீங்களும் “போய்ட்டு வாங்க” என்று சொல்லாதீர்கள்.